கான்ஸல் என்னும் சொல்

ஆங்கிலச் சொற்களுள் சில, ஆங்கிலம் அறியாதார் நாவிலும் நிலைபெற்றுவிட்டன. 'கான்ஸல்' என்பது அவற்றுள் ஒன்று. ரயில் கான்ஸல், வகுப்புக் கான்ஸல், எடுத்த டிக்கெட்டுக் கான்ஸல் என்று நாள்தோறும் கேட்கிறோம். பந்தற்கால் நட்ட பின்னர்க் கலியாணமே கான்ஸல் ஆயிற்று எனச் சொல்வாரும் உளர். சொல்லளவில் இவற்றால் தீங்கொன்றும் இல்லை. ஆனால் 2010ஆம் ஆண்டுக்குப் பின் இணைய வழக்கில் இச்சொல் புதியதொரு பொருளிற் பரவி, நம் மாணாக்கர் பேச்சிலும் புகுந்திருக்கிறது. ஒரு நூலாசிரியரோ, நடிகரோ, காலஞ்சென்ற ஒரு தருமவானோ தகாதது செய்தார் எனத் தெரியவரின், பலர் கூடி அவரை விலக்கி, அவர் நூலையும் படத்தையும் பெயரையும் கண்காணாமற் செய்தலை 'அவரைக் கான்ஸல் செய்தல்' என்கின்றனர். அது தகுமென்பாரும் தகாதென்பாருமாகிய இரு திறத்தாரும், அச்சொல்லுக்கு 'முற்ற அழித்தல்' என்றே பொருள் கொண்டு வாதிக்கின்றனர். அப்பொருள் அச்சொல்லுக்கு உரியதன்று என்பதும், சொல்லின் பொருள் கெட்டமையாற் செயலும் கெட்டது என்பதும் நம் அபிப்பிராயம்.

இலத்தீன் பாஷையில் 'கான்கெல்லி' என்பது கிராதியின் பெயர். மரத்தாலோ இரும்பாலோ சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அமைத்த தடுப்பையே கிராதி என்கிறோம். அதுவும் போர்த்துக்கேசியர் நமக்குத் தந்த சொல்லே. சிறைச்சாலையைக் குறிக்கும் 'கார்கெர்' என்னும் சொல்லோடு கான்கெல்லிக்கு உறவுண்டெனச் சொல்லாராய்ச்சியாளர் கருதுவர். உரோமாபுரியின் நியாயஸ்தலங்களில் நீதிபதியின் ஆசனத்தையும் ஜனங்கள் நிற்குமிடத்தையும் பிரித்து நின்றது இக்கிராதி. பின்னர்க் கிறிஸ்து மார்க்கம் அந்நாட்டிற் பரவித் தேவாலயங்கள் எழுந்தபோது, பீடம் அமைந்த பகுதிக்கும் சபையார் அமரும் பகுதிக்கும் இடையே அதே கிராதி வந்து நின்றது. அதற்கு அப்பாற்பட்ட இடத்தை ஆங்கிலத்தில் 'சான்ஸல்' என்பர். ஆகவே, ஞாயிறுதோறும் ஆலயத்தில் நாம் நோக்கியிருக்கும் சான்ஸலும், ரயில்வே ஸ்டேஷனில் நாம் முணுமுணுக்கும் கான்ஸலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

மூன்றாம் பிள்ளையும் ஒன்றுண்டு. கிராதியருகே நின்று, வருவோரைத் தடுத்தும் விடுத்தும் காவல் செய்த சேவகனைக் 'கான்கெல்லாரியுஸ்' என்றனர். 283 முதல் 285 வரை ஆண்ட காரினுஸ் என்னும் சக்கரவர்த்தி, தன் வாயிற்சேவகருள் ஒருவனை உரோமாபுரியின் நகராதிபதியாக்கினான் என்பதைப் பழைய சரித்திர நூலொன்று பெரும்பழியாக எடுத்துரைக்கிறது. அச்சேவகன் காலப்போக்கில் எழுத்தனாகி, எழுத்தன் அரசனது முத்திரையைக் காப்போனாகி, ஈற்றில் 'சான்ஸலர்' என்னும் மகா பதவியை எய்தினான். 1857இல் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டபோது மாகாண கவர்னரே அதன் சான்ஸலரானார். தமிழில் அப்பதவியை 'வேந்தர்' என வழங்குகிறோம். வாயில் காத்தவனை வேந்தனாக்கிய பெருமை தமிழுக்கே உரியது. காரினுஸும் அவ்வளவு துணிந்தானில்லை.

அரசன் அளித்த சாசனம் சட்டத்துக்கு மாறாக இருப்பின், அதன்மேற் கிராதிபோற் கோடிட்டுச் செல்லாததாக்கும் அதிகாரம் உடையவராதலின் சான்ஸலர் அப்பெயர் பெற்றார் என்று, 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில நியாயசாஸ்திரியாகிய எட்வர்ட் கோக் எழுதினார். பெயர்க்காரணம் பிழை, பெயர் வந்தது காவலனிடமிருந்தே. ஆயினும் கான்ஸல் செய்தலாவது யாது என்பதை அவர் செவ்வையாக அறிந்திருந்தார். எழுதிய பத்திரத்தைச் செல்லாததாக்க வேண்டின், எழுத்தின்மேற் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இழுப்பர். அக்கோடுகள் கிராதிபோற் காணப்படுதலின் அச்செயலைக் 'கான்கெல்லாரே', அதாவது கிராதியிடுதல், என்றனர். இங்கே கிராதியின் இயல்பை நினைத்தல் வேண்டும். அது சுவரன்று. ஆளைத் தடுக்குமேயன்றிப் பார்வையைத் தடுக்காது. கிராதியிட்ட பத்திரமும் அத்தன்மையதே. அதன் வலி போயிற்று, வாசகம் போகவில்லை.

உரோம நியாயசாஸ்திரிகள் இவ்விஷயத்தை மிக நுட்பமாக ஆராய்ந்தனர். ஜஸ்டீனியன் சக்கரவர்த்தியின் ஆணையால் 533இல் வெளிவந்த 'டைஜெஸ்ட்' என்னும் சட்டத் தொகுப்பில், மரணசாசனங்களில் அடிக்கப்பட்டவற்றைக் குறித்தே தனியானதொரு தலைப்பு அமைந்துள்ளது. அங்கே உல்பியன் என்பவர் கூறுவது யாதெனில், எண்ணமின்றி அடிபட்ட வாசகம் வாசிக்கக் கூடியதாயிருப்பின் அது செல்லும் என்பது. வாசிக்கக் கூடியது என்பதற்கும் அவர் எல்லை வகுக்கிறார். வேறு வழியால் ஊகித்தறிதல் போதாது. எழுதியது கண்ணுக்குத் தெரிதல் வேண்டும்.

எகிப்து தேசத்து மணலிலிருந்து எடுக்கப்பட்ட பாபிரஸ் சுவடிகளிற் கடன் சீட்டுகள் பல, நாம் பெருக்கலுக்கு இடும் குறி போன்ற கோடுகளால் அடிக்கப்பட்டுக் கிடைத்துள்ளன. 85ஆம் ஆண்டில் எகிப்தின் தேசாதிபதி ஒரு வழக்கை விசாரித்து, கையெழுத்துச் சீட்டை அடித்துவிடும்படி கட்டளையிட்ட செய்தியும் ஒரு சுவடியில் உளது. அடிபட்ட சீட்டுக் கடன்பட்டவனுக்கு நல்ல சாட்சி. கடன் இருந்தது, அது தீர்ந்தது என்னும் இரண்டையும் அவ்வொரு தாளே சொல்லும். நம் ஊர்களிலும் கடன் பத்திரத்தின் புறத்தே செல்லெழுதி வைப்பது இதுபற்றியே.

இதனை அறிந்தவர்க்கு, பவுல் அப்போஸ்தலர் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரம் 14ஆம் வசனம் புதிய சிந்தனையைத் தரும். நமக்கு விரோதமாயிருந்த கையெழுத்து நீக்கப்பட்டுச் சிலுவையில் அறையப்பட்டது என்பது அதன் கருத்து. மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லுக்குத் துடைத்துவிடுதல் என்பது பொருள்; பாபிரஸில் எழுதிய அக்காலத்து மை நீராற் கழுவப்படத்தக்கது. பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில அவ்விடத்திற் 'கான்ஸல்' என்னும் சொல்லைப் பெய்கின்றன. நம் தமிழ் வேதாகமமோ 'குலைத்து' என்கிறது. முற்றத் துடைத்த ஏட்டை யாவரும் காணச் சிலுவையில் அறைவானேன் என்று ஒரு வித்தியார்த்தி கேட்பானாயின், அக்கேள்வி இகழத்தக்கதன்று. கட்டு நெகிழ்ந்தது, நெகிழ்ந்த கட்டு இன்னதென்பதும் கண்முன் நிற்கிறது. தமிழ்ச் சொல் இவ்விரண்டுக்கும் இடந்தருகிறது என்பது நம் துணிபு. மூல பாஷை வல்லார் மறுப்பாராயிற் கேட்கச் சித்தமாயிருக்கிறோம்.

இங்கிலாந்தின் சட்டம் மட்டும் ஓரிடத்தில் இக்கோட்டை நம்ப மறுத்தது. மரணசாசனத்தை எரித்தும், கோடிட்டும், கிழித்தும், சிதைத்தும் தள்ளலாம் என்றது 1677ஆம் ஆண்டுச் சட்டம். 1837இல் வந்த சட்டமோ கோடிடுதலைக் கைவிட்டு, எரித்தல், கிழித்தல், வேறு வகையால் நாசஞ்செய்தல் என்பவற்றை மாத்திரம் வைத்துக்கொண்டது. நம் தேசத்து 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்திலும் அவ்வாசகமே காணப்படும். இதனால் விளைந்ததை, 1877இல் தீர்ப்பான சீஸ், லவ்ஜாய் என்பார் வழக்கிற் காணலாம். ஒருவர் தம் மரணசாசனத்தின் சில வரிகளைப் பேனாவால் அடித்தார். அதன் பின்புறத்தில், இது தள்ளப்பட்டது என எழுதினார். மூலையிற் கிடந்த கழிவுக் காகிதங்களோடு அதனை எறிந்தும் விட்டார். வீட்டு வேலைக்காரி அதனை எடுத்துச் சமையலறை மேஜையில் வைத்தாள். ஆண்டுகள் ஏழெட்டுச் சென்றன. அவர் இறந்தபின் அக்காகிதம் வெளிவந்தது. அது செல்லும் என்றே கோர்ட்டார் தீர்த்தனர். தள்ளும் எண்ணம் இருந்தது மெய்யாயினும், நாசமாகாத சாசனம் நாசமானதாகாது என்பது அவர்கள் கொள்கை. வேலைக்காரியின் சிக்கனத்தால் இறந்தவரின் எண்ணம் தோற்றது.

1837இற் கோடிடுதலைக் கைவிட்டதன் காரணம் ஊகிக்கத்தக்கதே. கோடு எவரும் இழுக்கலாம். இழுத்த கை இன்னாருடையது என்று கோடு சொல்லாது. அதனாற்போலும், கான்ஸல் செய்தலை ஏற்றுக்கொண்ட பிற இடங்களில் அதற்கு ஒரு கையடையாளத்தையும் சட்டம் எதிர்பார்க்கிறது. 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம், 12ஆம் பிரிவு, பத்திரத்தில் ஒட்டிய ஸ்டாம்பை மறுபடி உபயோகிக்க இயலாதவாறு கான்ஸல் செய்யவேண்டும் என்கிறது. செய்யாவிடின் அப்பத்திரம் ஸ்டாம்பு ஒட்டாததாகவே எண்ணப்படும். செய்யும் வகை யாது? ஸ்டாம்பின் குறுக்கே தன் பெயரையோ முதலெழுத்துக்களையோ உண்மையான தேதியோடு எழுதுதல் என்று அச்சட்டமே ஒரு வழி காட்டுகிறது. ரசீதில் ரெவினியூ ஸ்டாம்பின்மேற் கையொப்பமிடுவோர் யாவரும் கான்ஸல் செய்வோரே. ஸ்டாம்பு செத்தாலன்றி ரசீதுக்கு உயிர் வருவதில்லை.

தபால் ஸ்டாம்பின் கதை சிறிது வேடிக்கையானது. 1840இல் இங்கிலாந்து வெளியிட்ட முதல் ஸ்டாம்பு கறுப்பு நிறம். அதன்மேல் இட்ட கான்ஸல் முத்திரை சிவப்பு மை. அச்சிவப்பு மையைக் கழுவிவிட்டு ஸ்டாம்பை மீண்டும் ஒட்டும் வித்தையைச் சிலர் விரைவிற் கற்றுக்கொண்டனர். எனவே 1841இல் ஸ்டாம்பைச் சிவப்பாக்கி, மையைக் கறுப்பாக்கினர். இவ்வாறே கணக்கு வகுப்பிற் பின்னங்களைக் கோடிட்டு அடிப்பதும் கான்ஸல்தான். 16/64 என்பதில் மேலும் கீழுமுள்ள இரண்டு ஆறுகளையும் அடித்து, 1/4 என விடை கூறிய மாணாக்கன் விடையாற் சரி, முறையாற் பிழை. அவன் இட்ட கோடும் அதன் கீழிருந்த எண்ணும் தெரிவதனாலன்றோ உபாத்தியாயர் அதனைக் கண்டுபிடிக்கிறார்!

பதிவு செய்யப்பட்ட பத்திரமொன்றைக் கோர்ட்டு ரத்துச் செய்யுமாயின், 1963ஆம் ஆண்டின் ஸ்பெஸிபிக் ரிலீப் சட்டத்து 31ஆம் பிரிவின்படி தீர்ப்பின் நகல் பதிவு அதிகாரிக்குப் போகும். அவர் தம் புத்தகத்திலுள்ள பிரதியின்மேல், ரத்தான செய்தியைக் குறித்துவைப்பார். ஏட்டைப் பிடுங்கி எறியமாட்டார். பின்வரும் ஒருவர் அப்புத்தகத்தைப் பார்ப்பாராயின், பத்திரம் எழுந்ததும் அது வீழ்ந்ததும் ஒரே இடத்தில் அவர்க்குத் தெரியும்.

தமிழில் இதற்கு என்ன சொல் வழங்குவது என்னும் வினா அடுத்து எழும். 'ரத்து' அரபு வழி வந்தது. திருப்புதல், மறுத்தல் என்பன அதன் பொருள். 'தள்ளுபடி' தமிழே, ஆயினும் வழக்கும் தள்ளுபடி, விவசாயியின் கடனும் தள்ளுபடி, ஜவுளிக்கடைச் சேலையும் தள்ளுபடி என்று அச்சொல்லின்மேல் ஏற்றிய சுமை பெரிது. கான்ஸலின் மூலப்பொருளுக்கு மிக அணித்தாய் நிற்பது, பத்திர எழுத்தர் வழங்கும் 'அடித்தல்' என்பதே. பத்திரத்தில் எவ்விடத்து அடித்தல் திருத்தல் உண்டென்று ஈற்றிற் குறித்துக் கையொப்பமிடுதல் அவர் மரபு. அடிபட்டதும் தெரியவேண்டும், அடித்தவர் கையும் தெரியவேண்டும். 'அழித்தல்' என்பது இதனின் முற்றும் வேறு. ஓரெழுத்தே வேற்றுமை என்று கருதி ஒன்றற்கு மற்றொன்றை வழங்கலாகாது.

அழித்தலால் ஆகாதது ஒன்றுண்டு என்பதைச் சேக்கிழார் நெடுங்காலத்துக்கு முன்னரே பெரியபுராணத்திற் காட்டியிருக்கிறார். மணப்பந்தலில் முதியவர் கொணர்ந்த ஆளோலையை, மணமகனாகிய நம்பியாரூரர் ஓடிப் பறித்துக் கிழித்தார். முதியவர் கலங்கினாரில்லை. கிழிந்தது படியோலை, மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் உளது என்றார். அவ்வூர் அவையார் பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒத்துப் பார்த்து, வழக்கு முதியவர் பக்கமே என்று தீர்த்தனர். ஓலை கிழிந்ததேயன்றிக் கடமை கிழியவில்லை.

இனி மனிதரைக் கான்ஸல் செய்தலுக்கு வருவோம். பெயரை அழித்தல் பழங்காலத்தும் உண்டு. 211இற் காரகல்லா என்பான் தன்னோடு அரசாண்ட தம்பி கேத்தாவைக் கொல்வித்து, அவன் பெயரைத் தேசமெங்கும் கல்வெட்டுகளினின்றும் செதுக்கியெடுக்கச் செய்தான். உரோமாபுரியில் 203இல் எழுந்த செப்திமியுஸ் செவேருஸ் வளைவிலும், கேத்தாவின் பெயர் நின்ற வரியில் வேறு புகழ்மொழிகளைப் பொறித்தனர். முன்னை எழுத்துக்களைப் பதித்திருந்த துளைகளைக்கொண்டு அறிஞர் பழைய வாசகத்தைக் கண்டுகொண்டனர் என்பது வேறு. இங்கே பெயரை அழித்தவன் கொலைஞன், அழிக்கப்பட்டவன் கொலையுண்டவன். இன்று ஏழைகள் பொருட்டு அழித்தலை வேண்டுவோர், அக்கருவி யார் கையிற் பழகியது என்பதை ஒருகால் எண்ணிப்பார்ப்பாராக.

இதற்கு எதிராக இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். எட்வர்ட் கோல்ஸ்டன் என்னும் வர்த்தகருக்கு அந்நகரில் 1895இற் சிலை வைத்தனர். பள்ளிகளுக்கும் தருமசாலைகளுக்கும் பொருள் வழங்கியவர் அவர். ஆப்பிரிக்க ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் நிர்வாகிகளுள் ஒருவராயிருந்தவரும் அவரே. 2020ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் தேதி ஜனத்திரள் அச்சிலையைக் கயிறிட்டு வீழ்த்தித் துறைமுக நீரிற் தள்ளியது. நகரசபையார் சில நாட்களில் அதனை வெளியே எடுத்தனர். எடுத்து, முன்போல நிறுத்தவுமில்லை, உருக்கி அழிக்கவுமில்லை. ஜனங்கள் பூசிய வர்ணமும் கிறுக்கலும் நீங்காதவாறு காத்து, 2021இற் பொருட்காட்சிசாலையிற் படுத்த கோலத்தில் வைத்தனர். தெருவில் அச்சிலைக்கு இருந்த கௌரவம் போயிற்று. தருமவானின் உருவமும் அதன்மேல் இட்ட கோடும் ஒருங்கே காணக்கிடந்தன. கான்ஸல் என்பதற்கு இதனினும் தக்க உதாரணம் நாம் அறியோம். வீழ்த்திய முறையைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரும், தாம் செய்ததை மறைக்காது கோர்ட்டில் நின்றனர். 2022 ஜனவரியில் ஜூரியார் அவர்களை விடுவித்தனர்.

துன்புற்றோர் வழிவந்தார் கூறும் தடையொன்று உண்டு. பெயர் கண்ணிற் படுமளவும் புண் ஆறாது, ஆகவே துடைத்துவிடுங்கள் என்பர். இதனை இலேசாகத் தள்ளுதல் தகாது. தம் முன்னோரை விற்றவன் சிலையின் கீழ் நாள்தோறும் நடந்து பாடசாலைக்குச் செல்லுமாறு ஒரு பிள்ளையை நிர்ப்பந்தித்தல் கொடுமையே. கௌரவ ஸ்தானத்தினின்றும் அதனை இறக்கத்தான் வேண்டும். ஆனால் கோல்ஸ்டன் என்னும் பெயரே உலகில் இல்லையாகத் துடைத்தால், அவருடைய கொடை மாத்திரமா மறையும்? விற்கப்பட்டோர் கணக்கும் உடன் மறையும். கொடாத கடனுக்குரிய சீட்டு எரிந்துபோயின், அதனால் மகிழ்பவன் யார் என்று கேட்கிறோம்.

மிஷன் கலாசாலைகளிற் படித்தார்க்கு இவ்விவாதம் தூரத்து விஷயமன்று. இத்தகைய கலாசாலைகளின் மண்டபங்களும் விடுதிகளும் கொடையாளர், போதகர் பலர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பழைய மிஷனெரிமார் எழுதிய கடிதங்களில் இந்நாட்டார் வழிபாட்டையும் வழக்கங்களையும் இழித்துரைத்த வாசகங்கள் உண்டு. அதே கைகள் தொகுத்த அகராதிகளும் இலக்கணங்களும் உண்டு. சாதி வேற்றுமையைப் பள்ளியறையில் ஏற்க மறுத்தாரும், அதற்கு இணங்கிப் போனாரும் அவருள் இருந்தனர். நினைவு மலர்களில் இவற்றை மறைத்தெழுதுதல் ஒருவகை அழித்தல். பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுப் பேசாதிருத்தல் மற்றொருவகை. கல்வெட்டின் அருகே இன்னொரு கல் நாட்டி, நடந்ததை நாலு வரியில் எழுதி, எழுதினோர் பெயரையும் ஆண்டையும் பொறித்தல் இயலாததன்று. செலவும் பெரிதன்று, வேண்டுவது துணிவே.

இணையத்தில் நடைபெறும் கான்ஸலில் நாம் காணும் பெருங்குறையும் இதுவே. கோடிட்டவர் பலர், கையொப்பமிட்டவர் ஒருவருமில்லை. ரசீதில் ஒட்டும் சிறு ஸ்டாம்புக்கு வேண்டிய பெயரும் தேதியும் ஒரு மனிதன் வாழ்வை அடிப்பதற்கு வேண்டாவோ? அன்றியும், அடிபட்டதை மீண்டும் ஒருவர் வாசித்துப் பார்க்க இடமிருந்தாலன்றோ அப்பீலுக்கு இடமுண்டு! அடிப்போர் கை தவறுவதும், மனம் கடுகடுத்து அடிப்பதும் உலகத்து இயல்பாதலின் அவ்விடம் வேண்டப்படுகிறது. முன்னர்க் கூறிய டைஜெஸ்டில், அதே தலைப்பின்கீழ், 166ஆம் ஆண்டில் மார்க்கஸ் ஔரேலியுஸ் சக்கரவர்த்தி முன் நடந்த விசாரணை எழுதப்பட்டிருக்கிறது. ஒருவன் தன் மரணசாசனத்தில் வாரிசுகளின் பெயரை அடித்துவிட்டு இறந்தான். சொத்து அரசாங்கத்துக்கே என்று பொக்கிஷத்தின் பக்கம் வாதித்தனர். ஏனையோர்க்கு எழுதிய கொடைகள் செல்லும் என்று சக்கரவர்த்தி முடிவு செய்தார். அடுத்து, விடுதலை எழுதப்பட்டிருந்த ஓர் அடிமையைப் பற்றிய கேள்வி. அவன் பெயரையும் எஜமானன் அடித்திருந்தான். சக்கரவர்த்தி, விடுதலையின் பக்கம் சாய்ந்து, அவன் சுயாதீனனே எனத் தீர்த்தார். அவன் பெயர் இன்னதென்று டைஜெஸ்டிற் காணப்படவில்லை.